கப்பல் ஓவியத்திலிருந்து குறுக்குத்துறைக்கு

"அக்கா, பிடிச்ச படத்தைப் பார்த்து வரைஞ்சா காப்பிங்கிறாங்க. பார்க்காம வரைஞ்சா ஒண்ணுமே வரமாட்டேங்குது. என்னதான் செய்ய?" என் ஓவிய வகுப்புக்கு வரும் பிள்ளைகள் வருஷம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. எனக்கு இதற்கான பதில் திருப்புடைமருதூரில் கிடைத்தது. கிடைத்த அன்றைக்கே புரிந்துவிடவில்லை. அந்த ஓவியம் என் கைக்குள் வந்து சேர வருஷக்கணக்கானது. எப்படி வந்தது என்று தெரிந்தால் வரையும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

திருப்புடைமருதூர், கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தை ஒட்டி, திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். ஆற்றங்கரை மருத மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டும். 2005-ல் அந்த இடம் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள நாறும்பூநாதர் கோயில் கோபுரம் ஐந்து நிலை கொண்டது. வெளியே நின்று பார்த்தால் நம் பக்கத்துக் கோபுரங்களில் ஒன்று என்றுதான் தோன்றும். உள்ளே ஏறினால்தான் தெரியும்: நிலைக்கு நிலை சுவரெல்லாம் ஓவியம், மரத்தூண்களில் சிற்பம். எல்லாம் நாயக்கர் காலத்து வேலை. புராணக் கதைகள், அடியார் கதைகள், போர்க் காட்சிகள் எனப் பட்டை பட்டையாகப் பிரித்து வரைந்திருக்கிறார்கள். வரைந்தவர்கள் யாரென்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

அங்கே ஒரு கப்பல் இருக்கிறது. அரபு வணிகர்கள் குதிரைகளை ஏற்றிக்கொண்டு வரும் கப்பல். அந்தக் காலத்தில் நம் பக்கத்து அரசர்களுக்குப் போர்க்குதிரை கடல் வழியாகத்தான் வந்தது. மார்க்கோ போலோவும் நம் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதும்போது, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றி வரும் கப்பல்களைச் சொல்கிறார். அவர் வந்து சில நூற்றாண்டு கழித்து, கடலிலிருந்து இவ்வளவு தள்ளி, நெல்வயலுக்கு நடுவில் இருக்கும் ஒரு கோபுரத்துக்குள் அந்தக் கப்பல் ஏறியிருக்கிறது.

அதைப் பார்க்கும்வரை நான் முழுக்க வாட்டர் கலர்காரி. தாமிரபரணி, பாபநாசம் படித்துறை, சேரன்மகாதேவி வயல், பின்னால் பொதிகை மலை. தாளை நனைத்து வண்ணத்தை ஓடவிட்டு, கிட்டத்து மரத்தை அடர்த்தியாகவும் தூரத்து மலையை வெளிறிய நீலமாகவும் வைப்பேன். ஓரிடத்தில் நின்று அங்கிருந்து கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைய வேண்டும் என்பது எனக்குச் சொல்லித்தந்த பாடம். அந்தப் படங்கள் எனக்கு இப்போதும் பிடிக்கும்.

கோபுரத்துக்குள் வெளிச்சம் குறைவு. கண் பழகியதும் எனக்கு முதலில் தெரிந்தது ஒரு குதிரையின் கழுத்துக்கோடு. காதுக்குப் பின்னால் மெல்லியதாக ஆரம்பித்து, வளைவில் தடித்து, நெஞ்சுக்கு வரும்போது மறுபடி மெலிந்து முடிகிறது. ஒரே இழுப்பு. நிழல் வைக்காமலேயே அந்தக் கழுத்துக்குக் கனம் வந்துவிட்டது. அப்புறம் கப்பலைப் பார்த்தேன். கப்பல் பக்கவாட்டில் நிற்கிறது, ஆனால் அதில் இருக்கும் ஆளும் குதிரையும் ஒன்று விடாமல் தெரிகிறார்கள். கரையில் நிற்கிற ஒருத்தன் கண்ணுக்கு அப்படித் தெரியாது. வரைந்தவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கப்பலில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், தெரிந்ததை எல்லாம் காட்டியிருக்கிறார்.

அன்றைக்கு நோட்டில் நான் எழுதிய குறிப்பு இன்னும் இருக்கிறது: "நிழல் இல்லை. தூரம் இல்லை. ஆனா கூட்டம் இருக்கு, சத்தம் இருக்கு." ஒரு ஓவியம் ரொம்பப் பிடித்துப்போனால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். போனை எடுப்பதற்கு முன், வரைவதற்கும் முன், எது பிடித்துக்கொண்டது என்று இரண்டு வரி எழுதுங்கள். "அழகா இருக்கு" என்று எழுதினால் அது உதவாது. எந்தக் கோடு, எந்த வண்ணம், எதை விட்டிருக்கிறார், எதைப் பெரிதாக்கியிருக்கிறார் என்று எழுத வேண்டும். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பார்த்து வரைய ஆரம்பித்தேன். முழு ஓவியத்தையும் வரைய வேண்டியதில்லை. உள்ளங்கை அளவு ஒரு துண்டு போதும்: ஒரு குதிரைத் தலை, ஒரு கை, வேட்டியின் ஒரு மடிப்பு. முடிந்தவரை அசல் அளவிலேயே வரைய வேண்டும். சுவரில் ஒரு முழ நீளம் இருக்கும் கோட்டை விரற்கடை அளவுக்குச் சுருக்கி வரைந்தால் கை எதையும் கற்றுக்கொள்ளாது. அசலை இழுத்தவர் தோளை அசைத்திருப்பார், நாம் விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருப்போம்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் தெருவில் கடை போர்டு எழுதிக்கொண்டிருந்த மாமா. ஃபிளெக்ஸ் வந்தபின் அவருக்கு வேலை குறைந்துவிட்டது, கை குறையவில்லை. நான் கழுத்துக்கோடு வராமல் திணறுவதைப் பார்த்துவிட்டு, "வெரலால இழுக்காதம்மா, தோள்பட்டையில இருந்து இழு. மூச்ச விட்டுக்கிட்டே இழு, நடுவுல நிப்பாட்டாத" என்றார். பிரஷ்ஷையும் அவர்தான் மாற்றிக் கொடுத்தார், நீள மயிர் வைத்த போர்டு எழுதும் பிரஷ். அது நிறைய வண்ணம் குடிக்கும், வழியில் வறளாது. அழுத்தினால் தடிக்கும், தூக்கினால் மெலியும். சுவரில் பார்த்த அந்தக் கோட்டுக்கு இப்படிப்பட்ட பிரஷ்தான் வேண்டும்.

அடுத்தது வண்ணம். தென்னிந்தியப் பழைய சுவரோவியங்களில் அடிப்படை வண்ணங்கள் சிலதான்: காவி, மஞ்சள் காவி, விளக்குக்கரி, சுண்ணாம்பு வெள்ளை, கொஞ்சம் பச்சை. பெரும்பாலும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுத்தவை. நானும் என் பெட்டியில் இருந்த மற்ற டியூப்களை எடுத்து வைத்துவிட்டு இந்தச் சிலவற்றோடு உட்கார்ந்தேன். கோலத்துக்குக் கரை போட விற்கும் காவிக்கட்டியையே இடித்து, நைசாக அரைத்து, துணியில் சலித்து, வேலம்பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்துப் பார்த்தேன். பிசின் கூடினால் காய்ந்தபின் பளபளத்து வெடிக்கும். குறைந்தால் விரலால் தேய்த்தாலே ஒட்டிக்கொண்டு வரும். ஒரு ஓரத்தில் தடவி, காயவைத்து, விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு போக வேண்டும். அரைக்கப் பொறுமை இல்லாதவர்கள் கடையில் லைட் ரெட், யெல்லோ ஓக்கர், லேம்ப் பிளாக் என்று கேட்டு வாங்கலாம், வித்தியாசம் பெரிதாக இல்லை. வண்ணம் குறைந்ததும் கை கோட்டையே நம்ப ஆரம்பிக்கும். அதுதான் முக்கியம்.

நான் வழக்கமாக வாங்கும் கடை அண்ணாச்சி, "என்ன, ஒரே செவப்பா வாங்கிட்டுப் போறிய? கோயில் மதிலுக்கு அடிக்கப் போறியளா?" என்று கேட்டார். அந்தச் சமயத்தில் என் வீடே அப்படித்தான் இருந்தது. எதை வரைந்தாலும் பின்னணி சிவப்பு. எல்லார் முகமும் பக்கவாட்டில். எல்லார் கண்ணும் காதுவரை நீண்டுவிடும். அம்பாசமுத்திரம் சந்தையில் கீரை விற்கும் அம்மாவை வரைந்து வைத்திருந்ததைப் பெரியம்மா பார்த்துவிட்டு, "ஏட்டி, கீரைக்காரிக்கு எதுக்கு ராணி கண்ணு? அவ வெயில்ல கண்ணச் சுருக்கிக்கிட்டுல்லா இருப்பா" என்றாள்.

இந்தக் கட்டம் எல்லாருக்கும் வரும். வந்தால் பயப்பட வேண்டாம், ஒரு ஓவியத்துக்குள் இறங்கியவர்கள் இதைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். ஆனால் பெரியம்மா சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. நீண்ட கண், சிவப்புப் பின்னணி, பூப்போட்ட வேட்டி எல்லாம் அந்த ஓவியத்தின் அடையாளங்கள். எடுத்து ஒட்டிக்கொள்வது சுலபம், பார்த்தவுடன் எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துவிடும். அந்த ஓவியர் எடுத்த முடிவுகள் வேறு. நிழல் வேண்டாம், கோடே கனத்தைத் தாங்கட்டும் என்பது ஒரு முடிவு. ஓரிடத்தில் நின்று பார்ப்பதை விட்டுவிட்டுத் தெரிந்ததை எல்லாம் காட்டுவது இன்னொரு முடிவு. அடையாளத்தை எடுத்தால் அவர் படத்தைத்தான் திரும்ப வரைவோம். முடிவை எடுத்துக்கொண்டால் அதை நம் ஊர் சந்தைக்கும் கொண்டுபோகலாம், ஆற்றுக்கும் கொண்டுபோகலாம்.

பெரிய ஓவியர்கள் செய்ததும் இதைத்தான் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். வான்கோ 1887-ல் பாரிஸில் இருந்தபோது ஹிரோஷிகேயின் ஜப்பானிய அச்சுப்படங்களை எண்ணெய் வண்ணத்தில் அப்படியே வரைந்தார். அதில் ஒன்று மழையில் பாலத்தைக் கடக்கும் மனிதர்கள். சுற்றிலும் கரை போட்டு ஜப்பானிய எழுத்துகளைக்கூட வரைந்து வைத்தார். அதன் பிறகு அவர் தெற்கே ஆர்ல் ஊருக்குப் போய் வரைந்த படங்களில் பெரும்பாலானவற்றில் ஜப்பானிய எழுத்து இல்லை, கிமோனோ இல்லை. ஆனால் தட்டையான வண்ணப் பரப்பும் அழுத்தமான வெளிக்கோடும் தங்கிவிட்டன. கடைசிக் காலத்தில் பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் உழவர் படங்களைக் கருப்பு வெள்ளை அச்சிலிருந்து பார்த்து வரைந்தார். அசலில் என்ன வண்ணம் என்று அவர் தேடிக்கொண்டிருக்கவில்லை. வண்ணத்தைத் தானே போட்டார். பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் பயிற்சியில் இதுவும் ஒன்று: பிடித்த ஓவியத்தைக் கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, வண்ணத்தை உங்கள் தெருவிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

நம் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். கோவில்பட்டி கொண்டைய ராஜு (1898–1976). சென்னையில் ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர், கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர். அப்போது அது திருநெல்வேலி ஜில்லாதான். சிவகாசியில் அச்சாகி நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய சாமி காலண்டர்களில் எத்தனையோ அவரும் அவர் சீடர்களும் வரைந்தவை. அவருக்கு முன்னால் ரவிவர்மாவின் படங்கள் இருந்தன. உடம்புக்குச் சதைப்பிடிப்பும் வெளிச்சமும் கொடுப்பதை அங்கிருந்து எடுத்துக்கொண்டார் என்று பார்த்தாலே தெரிகிறது. ஆனால் ரவிவர்மா வரைந்த தெய்வங்கள் பலவும் ஏதோ ஒரு நிகழ்ச்சிக்கு நடுவில் இருப்பார்கள். கொண்டைய ராஜுவின் சாமி கும்பிடுகிறவரை நேருக்கு நேர் பார்க்கும். நகையும் மாலையும் கோயில் அலங்காரம். பின்னணியில் நாடகத் திரைச்சீலையின் வாசனை இருக்கும். ரவிவர்மாவை அவ்வளவு மதித்தும் அவர் ரவிவர்மா ஆகவில்லை. கோயிலும் நாடக மேடையும் அவர் கையில் ஏற்கெனவே இருந்ததுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் பார்த்து வளர்கிறவர்களை அது விழுங்கிவிடும். அதனால் பிடித்த ஓவியம் ஒன்று இருந்தால் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த இன்னொன்று என் பழைய வாட்டர் கலர்.

அந்த இரண்டும் என் கையில் ஒன்று சேர்ந்தது 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு. 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்தது. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பது, எப்போது பெருவெள்ளம் வந்தாலும் முங்கும். உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டு, வெள்ளம் வடிந்ததும் திரும்ப அழைத்துவருவார்கள். திருநெல்வேலியில் ஒருவரை ஒருவர் விசாரிக்கும்போது "குறுக்குத்துறை முங்கிட்டா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அந்த வெள்ளத்தை வரையாமல் இருக்க முடியவில்லை. முதலில் எனக்குப் பழக்கமான வழியில் ஆரம்பித்தேன். கரையில் நின்று பார்த்தது: பழுப்புத் தண்ணீர், மேலே கொஞ்சம் தலைகாட்டும் கட்டடம், தூரத்தில் மங்கிய அக்கரை. படத்தில் குறை ஒன்றும் இல்லை, அமைதியாகவும் இருந்தது. ஆனால் வெள்ளம் அப்படி இல்லை. கரையில் நின்ற ஒவ்வொருத்தருக்கும் தண்ணீருக்கு அடியில் எந்த இடத்தில் மண்டபம், எந்த இடத்தில் படி, எங்கே தூண் என்று மனப்பாடமாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாததைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் கப்பல் கைகொடுத்தது. தெரிந்ததை எல்லாம் காட்டு. தாளை நெட்டுக்குத்தாக வைத்தேன். தொடுவானம் இல்லை, ஆறு மேலிருந்து கீழ்வரை தாள் முழுக்க ஓடுகிறது. நடுவில் கோயிலை முழுசாக, தூணும் மண்டபமுமாக, தண்ணீருக்குள்ளேயே வரைந்தேன். தூணுக்கு நடுவில் மீன்கள். நாயக்கர் கால ஓவியர்கள் தண்ணீரைக் கோடாகப் போட்டு அதற்குள் மீனை விடுவார்களே, அந்தத் துணிச்சல்தான். மேல் மூலையில் மேலக்கோயில், குடைக்கு அடியில் உற்சவர், சுற்றிலும் சனங்கள். ஓட்டத்தில் வாழைத்தார், கேஸ் சிலிண்டர், பிளாஸ்டிக் நாற்காலி, யார் வீட்டுக் கதவோ ஒன்று. எதையும் தூரம் என்று சொல்லிச் சிறிதாக்கவில்லை, எல்லாம் ஒரே கனம். தண்ணீரின் ஓட்டத்தை மாமா சொன்னபடி தோளிலிருந்து இழுத்த கோடுகளால் போட்டேன். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் தாளை நனைத்து மஞ்சள் காவியும் கொஞ்சம் சிவப்புக் காவியும் ஓடவிட்டேன். அது என் பழைய பழக்கம், வெள்ளத்தின் நிறமும் அதுதான். சிவப்புப் பின்னணி இல்லை, நீண்ட கண் இல்லை. கரையில் நின்றவர்கள் முகத்தில் மழை அடிக்கிறது, எல்லாரும் கண்ணைச் சுருக்கியிருக்கிறார்கள்.

பார்த்தவர்கள் யாரும் திருப்புடைமருதூரைச் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன், படத்தைக் காட்டும் இடத்தில் எல்லாம் சொல்லிவிடுகிறேன். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்வது அந்தப் பெயர் தெரியாத ஓவியருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை. கேட்கிறவர்களில் ஒருத்தராவது அந்தக் கோபுரத்தைத் தேடிப் போவார்கள்.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்வதுண்டு. பிடித்த ஓவியத்தை நாலைந்து மாதம் ஆழமாகப் பார்த்துவிட்டு, பிறகு கொஞ்ச காலம் அதன் பக்கமே போகாதீர்கள். போட்டோவையும் எடுத்து உள்ளே வையுங்கள். மறந்துபோனது மறந்துபோகட்டும். கைக்கு வேண்டியது மட்டும் தங்கும். தங்கியது அசலில் இருப்பதுபோல இருக்காது, நம் ஞாபகம் அதைக் கொஞ்சம் வளைத்திருக்கும். அந்த வளைவை நேராக்கப் போய்ச் சரிபார்க்க வேண்டாம். உங்கள் பாணி அங்கேதான் ஆரம்பிக்கிறது. வகுப்பில் ஒரு பையன் ஜப்பானிய அனிமே என்றால் உயிரை விடுவான். அவனிடம் அதை வரையாதே என்று நான் சொன்னதே இல்லை. "இதுல ஓடுறதை எப்படிக் காட்டியிருக்கான், அதை மட்டும் எடுத்துக்கோ" என்றேன். இப்போது சீவலப்பேரிக்கு ஆட்டு மந்தை போவதை வரைந்துகொண்டிருக்கிறான். ஆடுகளின் கால்களைப் பார்த்தால் காகிதத்தில் தூசி பறக்கிறது.

போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: வீரவநல்லூரிலிருந்தும் போகலாம், முக்கூடலிலிருந்தும் போகலாம். கோபுரத்து நிலைகளுக்குள் ஏற, கோயிலில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் போனால் நல்லது. பிளாஷ் போடாதீர்கள், சுவரில் சாயாதீர்கள், விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் அதோடு ஓவியமும் போய்விடும். சின்ன நோட்டும் ஒரு 2பி பென்சிலும் போதும். நேரம் இருந்தால் மறுநாள் குற்றாலம் சித்திரசபைக்கும் போய்வாருங்கள். நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் அவரை ஓவியமாகவே வைத்து வணங்கும் சபை அது. இரண்டு இடத்திலும் ஒரே விஷயத்தைப் பாருங்கள், கையை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று. ஒரு பக்கத்தில் இதையும் எதிர்ப்பக்கத்தில் அதையும் வரைந்துகொண்டு வந்தால், அடுத்த சில மாதத்துக்கு வேண்டிய வேலை அந்த நோட்டிலேயே இருக்கும்.